‘உறவு’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் நால்வருக்கும் வணக்கம்.

காவிரிப் படுகையில் ஒரு ரயில் நிலையத்தின் வாசலில் 31 வருடங்களாகப் பத்திரிகை முகவராக இருக்கிறேன். எந்த ஊர், எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை. உங்கள் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயரையோ, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதையுமோ வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. ஊரைச் சொன்னால் பையனைக் காட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும். கையெழுத்தும் முகவரியும் இட்ட பிரதி ஒன்றைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்தால் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

புரட்டாசிக் கடைசி வாரத்தில், ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எங்கள் நிலையத்திலிருந்து மீட்டு உங்கள் முன் நிறுத்தினார்கள். நீங்கள் அவனை ஓர் இல்லத்தில் சேர்த்தீர்கள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்தின் வாசலுக்குப் போய், பையனைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு மனுக்கள் கொடுத்தோம். பதில் இல்லை. நாள் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். ஆதரவில்லாமல் இருக்கும் குழந்தையைக் கண்டு பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, உங்களுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். நான் தெரிவிக்கவில்லை. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன், பழைய சட்டை கொடுத்தேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். அந்தக் குழந்தை ஆறு மாதம் சிமெண்ட் தரையில் படுத்திருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தது. மீட்க வந்தவர்கள் செய்தது சரி. நான் செய்யாமல் விட்டது தவறு. என் மீது நடவடிக்கை எடுக்க நினைத்தால் எடுக்கலாம், கட்டுப்படுகிறேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் என் கண் முன்னால் நடந்ததை நீங்கள் கேட்காமல் இறுதி ஆணை எழுதிவிடக் கூடாது.

பையன் எங்கிருந்து வந்தான் என்பதை முதலில் சொல்கிறேன். சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்த பிறகு இங்கே வயல்கள் சும்மா கிடக்கும். அந்தச் சமயத்தில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். இரவில் ஆடுகளை வயலிலேயே மறித்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த குறுவைக்கு உரம். நிலக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். தலைமுறைகளாக நடக்கும் நல்ல ஏற்பாடு இது. பெரும்பாலானவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, வெயிலிலும் மழையிலும் வயல் வரப்பில் கிடந்து உழைப்பவர்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் இதன் ஓரத்திலேயே இன்னொன்றும் நடக்கிறது. கடன் வாங்கிய தகப்பன், கடனுக்கு ஈடாகப் பிள்ளையை ஆடு மேய்க்க விட்டுவிட்டுப் போகிறான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கடனுக்காகப் பிள்ளையை ஆட்டுக்கிடையில் விட்ட செய்தி தாங்கிய பத்திரிகைகளை நானே வீடு வீடாகப் போட்டிருக்கிறேன். அந்தச் செய்திக்குள் இருந்த மாதிரி ஒரு பிள்ளை என் கடை வாசலிலேயே வந்து படுக்கும் என்று நினைக்கவில்லை.

இவனும் அப்படி விடப்பட்டவன்தான். தாய் இல்லை. ஒன்றரை வருடம் கிடையில் இருந்திருக்கிறான். பிறந்த குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நடப்பது அவன் வேலை. ஒரு குட்டி வாய்க்காலில் விழுந்து செத்துப்போனது. அடிக்குப் பயந்து, இருட்டில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். குதிகால் இரண்டும் பிளந்து, வெடிப்புக்குள் மண் இறுகியிருந்தது. கையில் ஒரு குச்சி. தூங்கும்போதும் அதைக் கீழே வைக்க மாட்டான்.

உங்கள் விசாரணையில் அவன் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஊர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறானாம், அப்பா பெயர் கேட்டால் அழுகிறானாம். எங்களிடமும் அப்படித்தான் இருந்தான். மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட அவன் என்னிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஒருவரிடம், கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று மாதத்தில் சொன்னான். அவர் என்னிடம் சொன்னார்.

அந்த ஒருவரைப் பற்றி இனிச் சொல்கிறேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 19 வயதில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, வாழ்க்கையில் பாதியைப் பட்டாளத்தில் கழித்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பட்டாளத்தார்’. நிலையத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, ஓய்வூதியமும் வருகிறது. இருந்தாலும் மூன்று வருடமாக அவர் படுப்பது முதல் பிளாட்பாரத்துப் பெஞ்சில்தான். கதவு சாத்திய அறையில் அவரால் படுக்க முடியாது. படுத்தால் நடு ராத்திரியில் எழுந்து, வீட்டில் இருப்பவர்களை எல்லாம் வெளியே இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் நிறுத்துவார். மனைவி பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

காஷ்மீரில் சாலை திறக்கும் காவல் என்று ஒரு பணி உண்டு. ராணுவ வண்டிகள் போவதற்கு முன்னால், விடியற்காலையில் ஒரு சிறு குழு நடந்தே போய், சாலையோரத்தில் வெடி எதுவும் புதைத்திருக்கிறதா என்று அடி அடியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலையில் எட்டுப் பேரை எண்ணி அழைத்துக்கொண்டு போனவர், திரும்பும்போது ஏழு பேரைத்தான் எண்ணினார். எட்டாவது ஆள், 22 வயதுப் பையன், நம் படுகைக்காரன், பக்கத்துத் தாலுகா. இதற்கு மேல் அவர் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அவர் குடிப்பார். மறைக்கப் போவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடிப்பார். போன வருடம் டீக்கடையில் கண்ணாடி டம்ளரைச் சுவரில் அடித்து உடைத்தார். ஒருவரைக் கன்னத்தில் அறைந்து, காவல் நிலையம் வரை போய் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தார். இதெல்லாம் உங்கள் கவனத்துக்கு வந்திருக்கும், வராவிட்டாலும் வர வேண்டும். நல்லவர், வல்லவர் என்று சான்றிதழ் கொடுக்க நான் வரவில்லை. பார்த்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சித்திரையில் ஒரு ராத்திரி. சம்பா நெல் அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். முழுச் சரக்கு ரயில் என்றால் 42 வேகன்கள், கிட்டத்தட்ட 2,000 டன் நெல். எங்கள் கூட்ஸ் ஷெட்டில் அத்தனை வேகன்களும் ஒன்றாக நிற்க இடம் போதாது. இரண்டாகப் பிரித்து மூட்டை ஏற்றி, பிறகு சேர்த்துக் கோப்பார்கள். இந்த வேலை நள்ளிரவுக்கு மேல்தான் நடக்கும். இன்ஜின் இழுக்கத் தொடங்கும்போது முதல் வேகனின் கொக்கி இறுகி ‘டணார்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். அது ஒவ்வொரு வேகனாகத் தாவிக் கடைசி வேகன் வரை ஓடும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை.

அன்று பட்டாளத்தார் முதல் சத்தத்திலேயே பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தார். முந்தைய நாள் விற்காத பத்திரிகைகளைக் கட்டிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தக் கட்டைத் தன் உடம்புக்கு அடியில் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளாலும் அணைத்து, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகு நடுங்கியது. அவரை எழுப்ப நினைத்துத் தோளைத் தொட்டேன். முழங்கை என் மார்பில் இடித்தது; நான்கு அடி தள்ளிப் போய் விழுந்தேன். போர்ட்டர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்களும் கிட்டே போகப் பயந்து நின்றார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று நாளாகப் படுத்திருந்த பையன் எழுந்து வந்தான். அதுவரை அவன் குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரைத் தொடவில்லை. ஒரு கை தூரம் விட்டு, அவர் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சத்தம் ஓடி முடிந்து, வேகன்கள் மெதுவாக நகர்ந்து, தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தன. பையன் குச்சியால் தரையைத் தட்டி எண்ணினான். “ஒரு சோடி. இரண்டு சோடி. மூன்று சோடி.” அவசரமே இல்லாத குரல். சாயங்காலம் ஆடுகளைக் கிடைக்குள் விடும்போது எப்படி எண்ணுவானோ அப்படி. பத்துச் சோடி தாண்டியபோது அவருடைய முதுகின் நடுக்கம் குறைந்தது. கடைசி வேகனின் சிவப்பு விளக்கு எங்களைத் தாண்டிப் போனது.

“இருபத்தொரு சோடி. எல்லாம் இருக்கிறது மாமா. ஒன்றும் குறையவில்லை” என்றான்.

அவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். எண்ணிப் பார்த்து ஒன்றும் குறையவில்லை என்று யாராவது சொல்ல அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து பையன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. பெஞ்சுக்குக் கீழே அவன், பெஞ்சின் மேல் அவர். கிடையில் வளர்ந்த பிள்ளைக்குத் தூக்கம் கோழித் தூக்கம். இலை அசைந்தாலும் விழித்துக்கொள்வான். அவருக்கு மூச்சு மாறினால் இவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். சரக்கு ரயில் வரும் ராத்திரிகளில் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணுவார்கள். அவர் அரைத் தூக்கத்தில் முணுமுணுப்பார், இவன் குச்சியால் தட்டுவான். ஆறு மாதத்தில் அவர் மறுபடியும் பெஞ்சிலிருந்து விழுந்ததை நான் இரண்டே முறைதான் பார்த்தேன். முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை விழுவார்.

அவர் அவனுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். வெந்நீரில் உப்புப் போட்டு, அந்தப் பிளந்த குதிகாலைத் தினமும் கழுவி, ஊசியால் மண்ணை எடுத்து, விளக்கெண்ணெய் தடவினார். செருப்பு வாங்கிக் கொடுத்தார். பல் தேய்க்க, போர்வையை நான்கு மூலையும் நேராக வரும்படி மடிக்கக் கற்றுக்கொடுத்தார். காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் அரசு மருத்துவமனைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வந்தவர் அவர்தான். குடித்த நாளில் பையன் இருக்கும் பக்கமே வர மாட்டார். கூட்ஸ் ஷெட் திண்ணையில் படுத்துக்கொள்வார். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை.

பிறகு எழுத்து. விடியற்காலை மூன்றரை மணிக்கு வேனில் பத்திரிகைக் கட்டுகள் வரும். நான் இணைப்புகளைச் சொருகிப் பிரித்து அடுக்குவேன். பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். பட்டாளத்தார் ஒரு பத்திரிகையை எடுத்து, தலைப்பில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டுவார். பையன் தானாகப் படித்த முதல் சொல் ‘நெல்’. கொள்முதல் நிலையச் செய்தி அது. அன்று காலை அத்தனை பத்திரிகையிலும் அந்த ஒரு சொல்லைத் தேடித் தேடி விரல் வைத்தான். என் விநியோகம் அரை மணி நேரம் தாமதமானது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

கணக்குக்கு மேட்டூர். நம் பகுதிப் பதிப்புகளில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வரும் அல்லவா: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். அணையின் முழு உயரம் 120 அடி. இன்றைய அளவைக் கழித்தால் அணை நிரம்ப இன்னும் எத்தனை அடி? இதுதான் தினசரிப் பாடம். ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் டீக்கடையில் பெரியவர்கள் எல்லாம் தண்ணீர் எப்போது கடைமடைக்கு வரும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் நடுவில் நின்று விடையைச் சொல்வான், தசமப் புள்ளியோடு. கிழிந்த சட்டைக்காரப் பையன் சொல்கிறான் என்று யாரும் சிரிக்கவில்லை. ‘சரியா?’ என்று பட்டாளத்தாரைப் பார்ப்பான். அவர் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்காக அவன் எதையும் படிப்பான் என்று எனக்குத் தோன்றும்.

அவனை அழைத்துப் போன காலையில் பட்டாளத்தார் பாலத்துக்கு அந்தப் பக்கம் இட்லி வாங்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது நான்கு பேர் பையனைச் சூழ்ந்து நிற்கிறார்கள். அவன் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். கிடைக்காரர்கள் ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று இவர் நினைத்துவிட்டார். ஓடிப் போய் ஒருவருடைய சட்டையைப் பிடித்தார். ‘போதையில் இருந்த நபர் ஒருவர் தடுத்தார்’ என்று அறிக்கையில் எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அன்று அவர் குடித்திருக்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். சட்டையைப் பிடித்தது தவறு. அதற்காக அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஆனால் அந்த ஒரு வரி, அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் காரணமாகிவிட்டது.

இல்லத்தின் வாசலில் பார்வையாளர் பதிவேடு இருக்கிறது. பெயர், முகவரி, நேரம், உறவு. முதல் ஞாயிறு ‘மாமா’ என்று எழுதினார். பையனின் தாயோடு பிறந்தவர் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். இல்லை என்றதும் அடித்துவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு ‘நண்பர்’ என்று எழுதினார். பத்து வயதுக் குழந்தைக்கு 44 வயது நண்பரா என்று காவலாளி கேட்டிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். வெறுமையாக விட்டால் உள்ளே விட முடியாதாம். காவலாளி மரியாதையாகத்தான் பேசினார். விதி அவர் எழுதியது அல்ல. நான்காவது ஞாயிறு நானும் கூடப் போனேன். மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. உள்ளே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. பட்டாளத்தார் பேசாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இவற்றில் அவன் குரல் இல்லை” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு எதுவும் பேசவில்லை.

ஐயா, அம்மா, நீங்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ரத்த உறவில்லாத, தனியாக வாழும், குடிப்பழக்கம் உள்ள ஒரு ஆண், யாரும் இல்லாத குழந்தையைத் தேடி வருகிறார் என்றால் நீங்கள் சந்தேகப்படத்தான் வேண்டும். நான் பேத்தி எடுத்தவன். எனக்கும் அந்தச் சந்தேகம் முதல் மாதத்தில் இருந்தது. ராத்திரிகளில் விழித்திருந்து கவனித்தேன். போர்ட்டர்களைக் கேளுங்கள், டீக்கடைக்காரரைக் கேளுங்கள், பிளாட்பாரத்தில் பூக்கட்டும் இரண்டு அம்மாக்களைக் கேளுங்கள். காவல் துறை மூலம் முழுதாக விசாரியுங்கள். பையனைத் தனியாக வைத்து, அவனுக்குப் பழக்கமான ஒரு பெண் அலுவலரை விட்டுக் கேளுங்கள். நான் கேட்டுக்கொள்வது, சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் விசாரணையை நடத்துங்கள் என்பதைத்தான். ‘உறவு’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்பது விசாரணை ஆகாது.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது அல்ல. ஆனாலும் படித்ததைச் சொல்கிறேன். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. 52-ஆம் பிரிவின்படி, ஒருவருடைய தகுதியைச் சரிபார்த்த பிறகு, குழந்தையைத் தற்காலிகமாக ஏற்றுப் பராமரிக்கத் தகுதியான நபர் என்று நீங்கள் அங்கீகரிக்கலாம். பட்டாளத்தாருக்கு அந்த அங்கீகாரம் இன்றைக்கே வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இன்றைய நிலையில் அவரிடம் பையனை ஒப்படைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அவரும் அதையேதான் சொல்கிறார். “என்னிடம் தர வேண்டாம் அண்ணே, பார்க்க விட்டால் போதும்” என்கிறார்.

எனவே கேட்பது சின்ன விஷயம். வாரத்துக்கு ஒரு மணி நேரம். இல்லத்துக்குள்ளேயே, அலுவலர் ஒருவரின் கண் முன்னால். குடித்துவிட்டு வந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், நானே எதிர்த்துப் பேச மாட்டேன்.

இன்னொன்று, இது சின்னது அல்ல. பையனைச் சொந்த ஊருக்கு, தகப்பனிடம் திருப்பி அனுப்பும் யோசனை இருப்பதாகக் காதில் விழுந்தது. குடும்பத்தோடு சேர்ப்பது பொதுவாக நல்லது, மறுக்கவில்லை. ஆனால் இவனைத் தகப்பனிடம் அனுப்புவது, மாசி பிறந்ததும் மறுபடி கிடைக்கு அனுப்புவதாகவே முடியும். வாங்கிய கடன் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் கோப்பில் இது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் சொல்ல வேண்டியவன் வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்கும் ஒரே ஆள் மதிலுக்கு வெளியே நிற்கிறார். பட்டாளத்தாரை அழைத்து வாக்குமூலம் வாங்குங்கள். முடிந்தால் அவர் பக்கத்தில் இருக்கும்போது பையனையும் பேசச் சொல்லுங்கள். கொத்தடிமை என்று உறுதியானால் விஷயம் வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும்; அந்தப் பையனுக்கு விடுதலைச் சான்றும் நிவாரணமும் சேர வேண்டும். முதல் தடவை உங்கள் முன் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது சட்டம். தை முடியும்போது அந்தக் கெடு முடிகிறது. இப்போது மார்கழி.

இந்த மடலின் பிரதி ஒன்றை முன்னாள் படைவீரர் நல அலுவலருக்கும் அனுப்புகிறேன். 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். இந்த வருடமும் கொடி வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டோம். அன்றைக்கு எங்கள் பெஞ்சில் ஒரு முன்னாள் படைவீரர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருந்தார். முதல் உலகப் போரிலேயே, 1915-இல், குண்டுச் சத்தம் மனதை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் 2003-இல் வந்தது. மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2023 டிசம்பரில் படைவீரர்களுக்கென்றே புணேயில் அதன் தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். ஏற்பாடுகள் இருக்கின்றன. பெஞ்சில் படுத்திருப்பவரை யாராவது ஒருவர் வந்து கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் இரண்டு முறை அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்கள். பையன் இருந்திருந்தால் நேரத்துக்கு எடுத்துக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, ஒரு குழந்தையின் தலையில் அந்தப் பாரத்தையும் வைக்கலாமா என்றும் நினைத்துக்கொண்டேன். இரண்டு நினைப்பும் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் அவருக்கு வைத்தியமும் பையனுக்குப் பள்ளிக்கூடமும் தனித்தனியாக நடக்கட்டும், நடுவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறேன்.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. பட்டாளத்தார் முந்தைய நாள் மாலையிலேயே கூட்ஸ் ஷெட்டுக்குள் போய், நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். காதைப் பொத்திக்கொண்டு, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஆனால் பட்டாசு இருபத்தொரு சோடியில் முடிவதில்லை. விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பையன் போன மறுநாளிலிருந்து அவர் தினமும் காலையில் என்னிடம் பிளேடு வாங்கி, பத்திரிகையிலிருந்து மேட்டூர் அணைக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுக்கிறார். பின்னால் தேதி எழுதி, வாரம் ஏழு சீட்டுகளை ஒரு உறையில் போட்டு, ஞாயிறு தோறும் கொண்டு போகிறார். ஐந்தாவது ஞாயிறு மட்டும் காவலாளி உறையை வாங்கி உள்ளே கொடுத்தாராம். அடுத்த வாரம், வெளியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீதி உறைகள் எல்லாம் என் கடைப் பெட்டியில் இருக்கின்றன. தீபாவளிக்கு மறுநாள் பத்திரிகை வரவில்லை. அன்றைய நீர்மட்டத்தை யாரிடமோ போன் செய்து கேட்டு, அதே அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, கையால் எழுதி வைத்திருக்கிறார். நாள் எதுவும் விடுபடவில்லை.

அந்த உறைகளை யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையாவது தெரிவியுங்கள். மறுநாளே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பத்திரிகை முகவர்